புள்ளிக்கு நேர் புள்ளி

ஆண்டிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் நம் கழகத்தில் ஒரு சடங்கு உண்டு. ஆசிரியர் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்து ஒற்றுப் பிழை பார்ப்போம். 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்று நள்ளிரவு வரை வாதாடிய ஆண்டும் உண்டு. மொழிமீது உள்ள பற்றினால் செய்கிறோம், தவறில்லை. ஆனால் அதே இதழின் கடைசிப் பக்கங்களில் கழகத்தின் வரவு செலவு அட்டவணை இருக்கும். அதில் எண்கள் ஒவ்வொன்றும் கட்டத்தின் நட்ட நடுவில் மிதந்து கொண்டிருக்கும். 1,200.00க்குக் கீழே 85.5, அதற்குக் கீழே 640, அதற்கும் கீழே 7.90. அந்தப் பக்கத்துக்கு மட்டும் யாரும் பிழை பார்ப்பதில்லை. சொல்லுக்கு இலக்கணம் உண்டு, எண்ணுக்கு இல்லை என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

எண்ணுக்கும் இலக்கணம் உண்டு, நண்பர்களே. அதை நாம் எல்லாருமே ஏழு வயதில் படித்தவர்கள்தான்.

நான் படித்தது ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி. கணிதப் பயிற்சிப் புத்தகம் முழுவதும் கட்டம் போட்டிருக்கும். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம்தான். ஒன்றுக்கு நேர் ஒன்று, பத்துக்கு நேர் பத்து, நூறுக்கு நேர் நூறு. ஒரு கட்டம் தள்ளி எழுதிவிட்டால் ஆசிரியை விடையைப் பார்க்கவே மாட்டார், முழுக் கணக்கையும் சிவப்பு மையால் சுழித்து, "இடமதிப்பு எங்கே?" என்று பக்கத்தில் எழுதிவிடுவார். அன்று அது கண்டிப்பாகத் தெரிந்தது. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். இடமதிப்பு அங்கே 'நிலாய் தெம்பாட்' ஆயிற்று. மொழி மாறியதே தவிர நெடுக்கு வரிசை மாறவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்து கணினியில் அட்டவணை போடத் தொடங்கிய பிறகுதான், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, எல்லாவற்றையும் 'நடுவில் வை' என்ற பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டோம். அழகாக இருக்கிறதாம்!

நானும் அழுத்தியவன்தான். அதனால் வந்த வினையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை.

கழகத்தின் கலைவிழா ஒன்றுக்கு நான் துணைப் பொருளாளர். வரவு 4,120.00 வெள்ளி. செலவுப் பட்டியலில் பத்தொன்பது வரிகள். ஏற்பாட்டுக் குழுவினர் புலனத்தில் அனுப்பிய தொகைகளை அப்படியே நகலெடுத்து எக்செலில் ஒட்டினேன். வரிசை ஒழுங்காகத் தெரியவேண்டும் என்று மொத்தப் பட்டியலையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். கூட்டல் கணினியினுடையது: செலவு 2,972.00, கையிருப்பு 1,148.00. பணப்பெட்டியைத் திறந்து எண்ணினால் 798.00தான் இருந்தது. 350 வெள்ளியைக் காணவில்லை.

பெட்டியை வைத்திருந்தவன் முதலாமாண்டுத் தம்பி ஒருவன். யாரும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. "நன்றாக யோசித்துப் பார், தம்பி" என்றுதான் சொன்னார்கள். மூன்று பேர் மூன்று தடவை அதையே சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? இரண்டாவது வாரம், "பி.டி.பி.டி.என். பணம் வந்ததும் நானே கட்டிவிடுகிறேன், அண்ணா" என்று என்னிடம் வந்து நின்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசிக்கலாம் என்றேன். இன்றும் அந்தப் பதிலை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் கணக்கியல் படிக்கும் ஓர் அக்கா. கோப்பைத் திறந்தார், நான் போட்டிருந்த சீரமைப்பை எல்லாம் நீக்கினார். பதினெட்டு எண்கள் வலப்பக்கம் ஓடிப் போயின. ஒன்று மட்டும் இடப்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒலிபெருக்கி வாடகை முன்பணம், 350.00.

நடந்தது இதுதான். எதையும் தொடாமல் விட்டால் எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் ஒதுக்கும். கைப்பேசிச் செய்தியிலிருந்து நகலெடுத்த அந்த 350.00உடன் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக் குறி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நம் கண்ணுக்கு அது எண். கணினிக்கு அது எழுத்து. கூட்டல் வாய்பாடு எழுத்தைக் கண்டால் எச்சரிக்காது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஆனாலும் கணினி ஓர் அடையாளம் காட்டத்தான் செய்தது: அந்த ஒரு தொகையை மட்டும் இடப்பக்கம் தள்ளி வைத்தது. அந்த அடையாளத்தைத்தான் நான் 'அழகு' என்ற பெயரில் அழித்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே வலப்பக்கம் தள்ளியிருந்தாலும் அது மறைந்துதான் போயிருக்கும். ஆகவே கணக்குப் பார்த்து முடிக்கும்வரை சீரமைப்பில் கைவைக்காதீர்கள். அழகுபடுத்துவது அச்சுக்குப் போகும்போது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தத் தாளை ஏழெட்டுப் பேர் பார்த்தோம். ஒருவர்கூடக் கையால் கூட்டிப் பார்க்கவில்லை. ஏன்? நடுவில் மிதக்கும் எண்களைக் கூட்ட முடியாது. கண் மேலிருந்து கீழே இறங்குவதற்கு நேர்க்கோடு வேண்டும். ஒன்றின் இடத்துக்கு நேரே பத்தின் இடம் நின்றால் மனம் சலித்துத் தாளைக் கீழே வைத்துவிடும். சரியாக அடுக்கிய பட்டியலை வாசிப்பவர் பென்சிலை எடுத்துக்கொண்டு கூட்டத் தொடங்கலாம். நாங்கள் கொடுத்தது அப்படிப்பட்ட பட்டியல் அல்ல. நம்பச் சொல்லி நீட்டிய தாள்.

என் அப்பா சில ஆண்டுகள் எங்கள் வட்டாரக் கோயிலுக்குப் பொருளாளராக இருந்தார். கடினமான அட்டை போட்ட கணக்குப் புத்தகம் வைத்திருந்தார். அதில் வெள்ளிக்கு ஒரு பத்தி, காசுக்கு ஒரு பத்தி, நடுவில் சிவப்புக் கோடு. தசமப் புள்ளியே தேவையில்லை. அந்தக் கோடுதான் புள்ளி. 45 வெள்ளி என்றால் காசுப் பத்தியில் இரண்டு சுழியம் போடாமல் விடமாட்டார். நான் அதைக் கேலி செய்ததுண்டு. வேதியியல் படிக்க வந்த பிறகுதான் அந்தச் சுழியங்களின் அருமை தெரிந்தது. தரம்பார்த்தல் சோதனையில் 24.50 என்று எழுதவேண்டிய அளவை 24.5 என்று எழுதினால் மதிப்பெண் குறையும். அந்தக் கடைசிச் சுழியம், 'இந்த இடத்தையும் நான் பார்த்தேன், இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்கிறது. சுழியத்தை விட்டுவிட்டால் பார்த்தோமா இல்லையா என்பதே தெரியாது. கணக்கிலும் அப்படித்தான். 2008 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை ஐந்து காசுக்குச் சரிசெய்யப்படுகிறது. ரசீதில் பொருள்களின் கூட்டுத்தொகை 12.98 என்றிருக்கும், நாம் கொடுத்தது 13.00. பட்டியலில் வெறும் 13 என்று எழுதினால், ரசீதைப் பார்த்து எழுதினோமா அல்லது நினைவிலிருந்து எழுதினோமா?

கோயில் என்றதும் நன்கொடைப் பட்டியல் நினைவுக்கு வருகிறது. நம்மவர் வட்டமான தொகையாகக் கொடுக்கமாட்டார்கள். 51, 101, 501, 1,001. பட்டியல் முழுக்க ஒன்றுகள்தான். இங்கேதான் எழுத்துரு நம்மை ஏமாற்றும். சில எழுத்துருக்களில் 1 ஒல்லியாகவும் 0, 8 போன்றவை அகலமாகவும் இருக்கும். வாக்கியத்துக்கு நடுவே அது பார்க்க இதமாக இருக்கும். அட்டவணையில் போட்டால், வலப்பக்கம் சரியாக ஒதுக்கினாலும், 111க்கு மேல் 808 நேராக நிற்காது. எல்லா இலக்கமும் ஒரே அகலமுள்ள எழுத்துருதான் அட்டவணைக்கு ஏற்றது. டைம்ஸ் நியூ ரோமன் அப்படிப்பட்டது. ஜார்ஜியாவில் 3, 4, 5, 7, 9 ஆகியவை கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும். கட்டுரைக்கு அழகு, கணக்குக்குத் தொல்லை. இத்தோடு நம் இதழுக்கென்றே ஒரு தனிக் கோளாறும் உண்டு. முதல் ஆறு வரியைத் தட்டச்சு செய்தவர் தமிழ் எழுத்துருவில் உள்ள இலக்கங்களைப் போட்டிருப்பார். அடுத்தவர் ஆங்கில எழுத்துருவில் போட்டிருப்பார். ஒரே பத்தியில் இரண்டு அகலம்! முழுப் பத்தியையும் தெரிவு செய்து ஒரே எழுத்துருவுக்கு மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது.

காற்புள்ளியையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு நூலிலிருந்து எடுத்த 1,50,000உம் நம்முடைய 150,000உம் ஒரே தொகைதான். ஒரே பத்தியில் போட்டால் இலக்கங்கள் விலகிவிடும். இந்தோனேசிய நூல்களில் இன்னும் ஆபத்து: அங்கே 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. ஆய்வேட்டில் அந்த நாட்டுப் புள்ளிவிவரத்தை அப்படியே ஒட்டி, பிறகு புள்ளிக்கு நேர் புள்ளி அடுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்ற ஆண்டு ஒரு யோசனை வந்தது: தமிழ்க் கழகத்தின் இதழ் ஆயிற்றே, அட்டவணைகளைத் தமிழ் எண்களில் போட்டால் என்ன? எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. 999 என்பதை ௯௱௯௰௯ என்று ஐந்து குறிகளில் எழுதவேண்டும். 1000க்கு ௲ என்ற ஒரே குறி போதும். பெரிய எண் குட்டையாகவும் சிறிய எண் நீளமாகவும் இருக்கும் இம்முறையில் எந்தப் பக்கம் ஒதுக்கினாலும் பயனில்லை. அது குறை அல்ல. அந்த முறை இடமதிப்பை நம்பி எழுந்ததல்ல, அவ்வளவுதான். சுழியம் சேர்த்து இடமதிப்பு முறையில் தமிழ் இலக்கங்களை எழுதலாம். தமிழ்ச் சுழியத்துக்கு 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் இடமும் கிடைத்துவிட்டது. பக்க எண்ணுக்கு அப்படிப் போடுங்கள், மகிழ்ச்சியோடு ஆதரிக்கிறேன். வரவு செலவுக்கு வேண்டாம். நம்மில் எத்தனை பேர் ௭ஐயும் ௯ஐயும் தடுமாறாமல் வாசிப்போம்? கணக்கை மறைக்கத் தமிழைத் திரையாக்கக் கூடாது.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பவர்களுக்கு: வேர்டில், அட்டவணையின் எண் பத்தியைத் தெரிவு செய்து, முதலில் இடப்பக்கச் சீரமைப்புக்கு மாற்றுங்கள். மேலே அளவுகோலின் இடது மூலையில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். தசமக் குறி வரும்வரை அதைச் சொடுக்கிவிட்டு, அளவுகோலில் வேண்டிய இடத்தில் ஒருமுறை சொடுக்குங்கள். எல்லாப் புள்ளிகளும் நேர்க்கோட்டில் வந்து நிற்கும். ஆய்வேட்டுக்கு லேடெக் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் எளிது; புள்ளியை வைத்து அடுக்குவதற்கென்றே அதில் பத்தி வகை உண்டு. அந்த லேடெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளே, தம் நூலின் அச்சுப்படிகள் அசிங்கமாக வந்ததைப் பொறுக்க முடியாமல் டோனால்ட் நூத் என்ற கணினியியல் பேராசிரியர் 1977இல் தொடங்கிய வேலைதான். அவர் அதற்குப் பல ஆண்டுகள் செலவிட்டார். நமக்கு இரண்டு சொடுக்குப் போதும்.

இலக்கத்தால் ஆனதெல்லாம் எண் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் பதிவு எண், தொலைபேசி எண், ஓட்டப் பந்தயத்தில் முதுகில் ஒட்டும் எண், இவையெல்லாம் பெயர்கள். யாரும் கூட்டப் போவதில்லை. இடப்பக்கமோ நடுவிலோ, விருப்பம்போல் வையுங்கள். கூட்டவோ ஒப்பிடவோ போகிற எண்களைப் பற்றித்தான் என் பிடிவாதம்.

அந்தத் தம்பியிடம் செயலவைக் கூட்டத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, அண்ணா" என்றான். அந்தப் பருவம் முழுக்க அவன் எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. இந்த ஆண்டு விளம்பரப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். பணப்பெட்டிப் பக்கம் மட்டும் வருவதில்லை.

இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் உள்ள வரவு செலவு அட்டவணையை நான்தான் அடுக்கினேன். மொத்தம் இருபத்து மூன்று வரிகள். கணினி கூட்டியதைக் கையாலும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். எங்காவது இடித்தால் கழகத்துக்கு எழுதுங்கள்.