விவரம் டில்லிக்குப் போயிற்று, கணக்கு எங்கே?

வெள்ளையன் ஆட்சியில் சொத்து உள்ளவனுக்கும், வரி கட்டுகிறவனுக்கும், எழுதப்படிக்கத் தெரிந்தவனுக்கும்தான் ஓட்டு. பண்ணையாளுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஓட்டு வந்தது 1950-ல், அரசியல் சட்டத்தின் 326-வது ஷரத்தினால். வயது வந்த பிரஜை ஒவ்வொருவரையும் தேடிப்போய் ஜாபிதாவில் எழுதுவது சர்க்காரின் வேலை என்று அன்று ஏற்பட்டது. 2025 நவம்பரில் அது தலைகீழாயிற்று. நீதான் வாக்காளன் என்று நீயே நிரூபி என்றார்கள்.

சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் தேர்தல் கமிஷன் தமிழ்நாட்டின் 6 கோடியே 41 லட்சம் வாக்காளர்களிடமும் ஒரு படிவத்தை நீட்டியது. பிறந்த தேதி, ஆதார் எண், செல்போன் எண், தாய் தகப்பன் பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், போட்டோ எல்லாம் அதில் கேட்டார்கள். அது போக, 2002 அல்லது 2005-ம் வருஷத்து ஜாபிதாவில் உன் பெயரோ உறவினர் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசையில் இருந்தது என்ற கேள்வி வேறு. ஆதார் எண் கட்டாயமில்லை என்று படிவத்திலேயே போட்டிருந்தார்கள். வாசலில் அதிகாரி நிற்கும்போது, "கட்டாயமில்லை, தரமாட்டேன்" என்று சொல்லத் துணிகிற கூலிக்காரர் எத்தனை பேர்?

நம் ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். நவம்பர் மாதம் அடைமழைக் காலம். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்களில் சம்பா நிற்கிறது. மாத முடிவில் டிட்வா புயல் மழை வேறு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் போனவர்கள் திரும்புவது பொங்கலுக்கு. புவனகிரியில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், பிறந்த வீட்டாரின் பழைய வரிசை எண்ணுக்கு யாரைக் கேட்பாள்? நெய்வேலியில் இருப்பவர் பழைய ஜாபிதாவைப் புரட்டினால், 2008-ம் வருஷத்து மறுவரையறைக்கு முன் அந்தப் பெயரில் சட்டசபைத் தொகுதியே கிடையாது. இந்தத் தடைகளை யாரும் வேண்டுமென்று வைத்ததாக நாம் சொல்லவில்லை. ஆனால் பங்களாவில் குடியிருப்பவனுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தடையில்லை.

டிசம்பர் 19 அன்று வரைவு ஜாபிதா வந்தது. சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. செத்தவர் பெயரும் இரட்டைப் பதிவும் போகட்டும். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இடம் மாறியோர், விலாசத்தில் இல்லாதோர் என்ற தலைப்பில் மட்டும் 66 லட்சத்துக்கு மேல்! பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவனைத்தான் கதவைத் தட்டினால் காண முடியாது.

இதற்கு ராஜ்ய சர்க்கார் என்ன செய்தது? 2025 நவம்பர் 2 அன்று அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார். வேலையை நிறுத்தாவிட்டால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போவோம் என்று தீர்மானம் நிறைவேறியது. தி.மு.க.வும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்குத் தொடுத்தன. அதற்கு முன்பே, செப்டம்பர் 29-ல், கேரளச் சட்டசபை ஏகமனதாக எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. எல்லாம் நல்லதே. ஆனால் படிவத்தைச் சுமந்துகொண்டு வீடு வீடாக நடந்தது யார்? ராஜ்ய சர்க்காரிடம் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும்தான்! 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 13 சிசி பிரிவுப்படி, அந்த வேலையில் இருக்கிறவரை அவர்கள் கமிஷனின் ஆட்கள். தவறினால் 32-வது பிரிவின் கீழ் சிறைத்தண்டனைகூட உண்டு. வேலைப் பளு தாங்காமல் வருவாய்த்துறை ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு நவம்பர் 18 முதல் பகிஷ்காரம் அறிவித்ததை இங்கே மறக்கக்கூடாது. கோட்டையில் எதிர்ப்புத் தீர்மானம், குடிசை வாசலில் அதே சர்க்காரின் ஊழியர் கையில் படிவம்!

மத்தியில் கேட்டால் ராஜ்யங்கள் கொடுத்தே தீரவேண்டுமா? அமெரிக்காவை உதாரணம் காட்டுவது நமக்கு வழக்கமில்லை. இந்த ஒரு விஷயத்தில் காட்டலாம். அங்கே வாக்காளர் ஜாபிதா ராஜ்யங்களின் வசம். 2017-ல் ஜனாதிபதி டிரம்ப் அமைத்த கமிஷன், பிறந்த தேதி முதல் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வரை கேட்டு எல்லா ராஜ்யங்களுக்கும் கடிதம் எழுதியது. டிரம்பின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த மிஸிஸிப்பி ராஜ்ய மந்திரியே, "போய் மெக்ஸிகோ வளைகுடாவில் குதியுங்கள்" என்று பதில் சொன்னார். 2018 ஜனவரியில் கமிஷனையே கலைத்துவிட்டார்கள். 2025-ல் அந்த நாட்டு நீதி இலாகா மறுபடி கேட்டது. பல ராஜ்யங்கள் மறுத்தன. மெய்ன், ஆரகன், கலிபோர்னியா முதலியவற்றின் மீது வழக்குகள் போட்டார்கள்.

நம் நாட்டில் ராஜ்யங்களுக்கு அந்தப் பிடி இல்லை. கமிஷன் சுயேச்சையான ஸ்தாபனம், டில்லி மந்திரிகளின் இலாகா அல்ல என்பார்கள். 2023-ல் வந்த சட்டப்படி கமிஷனர்களைத் தேர்ந்தெடுப்பது மூவர் குழு. அதில் ஒருவர் பிரதமர், இன்னொருவர் அவர் நியமிக்கும் மந்திரி. சுயேச்சை எவ்வளவு என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம்மிடம் விவரம் கேட்கிறவர் நமக்குக் கணக்குக் காட்டினாரா? பீஹாரில் 2025 ஆகஸ்டில் வரைவு ஜாபிதா வந்தபோது 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் யார், என்ன காரணம் என்ற பட்டியலைக் கமிஷன் தானாக வெளியிடவில்லை. ஆகஸ்ட் 14 அன்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்ட பிறகே வெளியிட்டது. ஏழையின் பிறந்த தேதி வேண்டும். ஏழையின் பெயரை நீக்கிய காரணம் மட்டும் ரகசியமாம்!

கொடுத்த விவரம் எங்கே போகிறது என்பது இன்னொரு கவலை. நமக்கு அடுத்த ஊரான புதுச்சேரியில் 2021 சட்டசபைத் தேர்தலின்போது, ஆதாரோடு சேர்த்த செல்போன் எண்களுக்கு மட்டும் பா.ஜ.க.வின் வாட்ஸப் குழு அழைப்புகள் வந்தன என்று ஜனநாயக வாலிபர் சங்கத்தார் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் தொண்டர்கள் வீடு வீடாகச் சேகரித்த எண்கள் என்றது அந்தக் கட்சி. புகார் நம்பத்தக்கதாக இருக்கிறது, ஆதார் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிற்று.

முதல் பொதுத் தேர்தலின்போது, தம் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்றே எழுதவைத்த சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வடக்கத்தியர், ஜாபிதாவிலிருந்து விடுபட்டார்கள். அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதிக்கலாம். ஆனால் விடுபட்டவர்களை அடுத்த தேர்தலுக்குள் சேர்க்க வேண்டும் என்ற கவலை அன்றைய கமிஷனுக்கு இருந்தது.

ஓட்டுப்போடும் நாளுக்குக் கூலியோடு லீவு உண்டு; 1951-ம் வருஷத்துச் சட்டத்தின் 135 பி பிரிவு அதைச் சொல்கிறது. ஓட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஆபீஸுக்கு அலையும் நாளுக்கு இல்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலும் சிப்காட் கம்பெனிகளிலும் காண்ட்ராக்ட் கூலி வாங்குகிறவன் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இனி எந்தத் திருத்தம் வந்தாலும் அந்த நாளுக்கும் கூலி வேண்டும் என்று சங்கங்கள் கேட்க வேண்டும். நீக்கிய பெயர்களைக் காரணத்தோடு ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் ஒட்டும்படி ராஜ்ய சர்க்கார் கமிஷனிடம் வற்புறுத்த வேண்டும்.

அதுவரை நம் வேலை நம் தெருவில் இருக்கிறது. வாக்குச்சாவடி ஜாபிதாவை வாங்கி, சங்கத் தோழர்கள் நாலு பேர் உட்கார்ந்து, தெருவில் குடியிருப்போரோடு ஒத்துப் பார்க்கவேண்டும். திருப்பூருக்குப் போனவர் பெயரை முதலில் பார்க்கவேண்டும். பெயர் இல்லாதவர் படிவம் 6 எழுதிக் கொடுக்கட்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.