களவு வழக்கில் எது சாட்சியம்?

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று கடலை ஒட்டிச் சுவரோடு சுவர் நெருங்கிக் கிடக்கும் நமது ஊர்களில், ஒரு வீட்டின் யன்னல் கம்பியை வளைத்து இறங்கிய கள்ளன் அலுமாரியில் இருந்த நகைகளை வாரிக்கொண்டு போய்விட்டான் என்ற செய்தி சுபஹுத் தொழுகை வேளையில் பரவுமாயின், பொலிஸார் வந்து சேருமுன்னரே அயலவர் அனைவரும் அவ்வீட்டினுள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களுடைய அனுதாபம் மெய்யானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், உடைந்த கதவைத் தொட்டுப் பார்ப்பவரும், திறந்து கிடக்கும் அலுமாரியை மறுபடியும் திறந்து பார்ப்பவரும், முற்றத்து மணலில் பதிந்த காலடியின்மேல் நின்றுகொண்டே கள்ளன் போன வழியை ஆராய்பவருமாக அரை மணி நேரத்துக்குள் தடயம் யாவும் அழிந்து போகின்றன. அதே அரை மணி நேரத்துக்குள் ஒரு பெயர் பிறந்துவிடுகிறது. போன மாதம் சுவருக்குப் பூச்சு அடிக்க வந்தவன், ஐஸ் போதைக்கு அடிமைப்பட்டுத் திரிகிற பக்கத்துத் தெருப் பையன், வெளியூரிலிருந்து வந்து துணி விற்கிறவன், இவர்களில் ஒருவனுடைய பெயர் பொலிஸாரின் கொப்பியில் ஏறுமுன்னரே ஊரின் வாயில் ஏறிவிடுகிறது. மை போட்டுப் பார்த்துச் சொன்ன பெயரை நம்பி நடந்த காலமும் நம்மிடையே உண்டு. பெயரை முதலில் வைத்துக்கொண்டு சாட்சியத்தைப் பின்னர் தேடும் இந்த வழக்கமே களவு வழக்குகளைத் தோற்கச் செய்கிறது என்பதும், நிரபராதிகளின் முதுகில் அடியாக விழுகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

நமது நாட்டுச் சட்டம் இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபித்தல் ஆகாது என்கிறது; 26ஆம் பிரிவு, பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு எவரிடம் ஒப்புக்கொண்டாலும், அது நீதவானின் முன்னிலையில் செய்யப்பட்டாலன்றிச் செல்லாது என்கிறது. இவ்விதிகளுக்கு மூலமான 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வகுத்த ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், சித்திரவதைக்குக் காரணம் கொடூரம் என்பதைவிடச் சோம்பலே என்று தமக்கு ஓர் அதிகாரி எடுத்துரைத்ததைத் தம் நூலொன்றில் பதிந்து வைத்திருக்கிறார்; வெயிலில் அலைந்து தடயம் தேடும் சிரமத்தைக் காட்டிலும், நிழலில் இருந்தவாறே அகப்பட்ட ஏழையின் கண்ணில் மிளகாய்ப் பொடியைப் பிரயோகிப்பது சுலபம் என்பது அந்த அதிகாரி கண்ட காரணம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்த அவதானம் இன்று பழைமைப்பட்டுவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சட்டத்துக்கு முன்னரே நம்முடைய மார்க்க மரபு இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ள ஒரு சம்பவம் மருதமுனையின் தறிகளுக்கு அருகில் வாழும் நமக்கு விசேஷமாக நினைவிருக்க வேண்டும். கலாஉ கோத்திரத்தார் சிலரின் பொருள் களவுபோக, அவர்கள் நெசவாளர் சிலர்மீது குற்றஞ் சுமத்தி, நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் அவர்களிடம் முறையிட்டனர். அவர் அந்நெசவாளரைச் சில நாள் தடுத்துவைத்துப் பின் விடுவித்துவிட்டார். அடிக்காமலும் சோதியாமலும் எப்படி விட்டீர்கள் என்று முறைப்பாட்டாளர் கேட்டபோது, வேண்டுமானால் அடிக்கிறேன். அடித்துப் பொருள் வெளிப்பட்டால் சரி, வெளிப்படாவிட்டால் அவர்களின் முதுகில் விழுந்த அத்தனை அடியையும் உங்கள் முதுகிலிருந்து அறவிடுவேன் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். இதுவா உமது தீர்ப்பு என்று அவர்கள் வினவ, இதுவே அல்லாஹ்வினதும் அவன் தூதரினதும் தீர்ப்பு என்றார். சந்தேகத்தின் பேரில் அடிக்கச் சொல்லுகிறவன் அந்த அடிக்குப் பொறுப்பாளி என்னும் இந்த நியாயத்தைவிடக் கூர்மையான ஒன்றை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கண்டதில்லை.

அடியை விலக்கினால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்க்கு, கைரேகை என்னும் சாஸ்திரம் நீதிமன்றம் ஏறிய ஆரம்பகால வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். உலகின் முதலாவது கைரேகைப் பணியகம் 1897இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கும் வகைப்படுத்தும் முறையை உண்மையில் உருவாக்கியதில் பெரும்பங்கு, அவருக்குக் கீழ் உழைத்த காசி அஸீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு வங்காளிகளுக்கு உரியது. அக்காலத்தில் ஜல்பாய்குரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்ட முகாமையாளர் ஒருவர் தம் படுக்கையில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டகமும் கடிதப் பெட்டியும் சூறையாடப்பட்டிருந்தன. உடுப்பில் இரத்தக் கறையோடு நின்ற சமையற்காரன், தோட்டத்துக் கூலிகள், அயலில் கூடாரமடித்திருந்த காபூலிகள் என்று சந்தேகிக்கத் தக்க பெயர்கள் நிறைய இருந்தன. நம் ஊர்களில் இது நிகழ்ந்திருந்தால் இவர்களுள் ஒருவராவது அன்றிரவே அடிபட்டிருப்பார். ஆனால் கடிதப் பெட்டிக்குள் கிடந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின் அட்டையில் மங்கலான கபிலநிறக் கறையொன்று காணப்பட, அது வலது கைப் பெருவிரலின் பதிவென்று தெரிந்தது. முன்பு அதே முகாமையாளரின் வீட்டில் திருடிச் சிறை சென்ற பழைய வேலைக்காரன் ஒருவனின் ரேகை பணியகத்தில் இருந்தபடியால், இரண்டும் பொருந்திவிட்டன.

இதில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பொருத்தத்தைவிட, 1898இல் வழங்கப்பட்ட தீர்ப்பின் நிதானத்தையே. அவன் அந்தப் பெட்டியைத் திறந்தான் என்பதை ரேகை நிரூபிக்கிறது. கழுத்தை அறுத்தவன் அவன்தான் என்பதை அது நிரூபிக்கவில்லை என்று கண்ட நீதிமன்றம், களவுக்கு அவனைத் தண்டித்து, கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஒரு சாட்சியம் எதைச் சொல்லுகிறதோ அதை மாத்திரம் கேட்பதும், அது சொல்லாததை நம் கோபத்தால் இட்டு நிரப்பாமல் விடுவதும் எத்துணைக் கடினமான ஒழுக்கம்! இங்கிலாந்தில் கைரேகையால் முதலில் தண்டனை பெற்றவனும் ஒரு வீடுடைத்தவனே. 1902இல் லண்டனில் பில்லியர்ட் பந்துகளைத் திருடப் போனவன், புதிதாய்ப் பூசிய யன்னற் சட்டத்தின் ஈர வர்ணத்தில் தன் பெருவிரலை விட்டுச் சென்றான். ஏழாண்டு சிறை கிடைத்தது. இவ்வளவு பழைய ஒரு கலை கல்முனையில் இன்று பயன்படாமல் போவதற்கு, உடைந்த கதவை நூறு கைகள் தொட்டுவிடுவதே பெருங்காரணம். களவு நடந்த அறையைப் பூட்டிவைத்து, குற்றவிட ஆய்வுப் பிரிவினர் வரும்வரை ஒருவரும் நுழையாதிருக்க வேண்டும் என்பதைப் பள்ளிவாசல் மரைக்காயர்மார் ஜும்ஆவுக்குப் பின் ஒருமுறை அறிவித்தால், அது பல சொற்பொழிவுகளைவிடப் பயன் தரும்.

அடுத்தது, களவுபோன பொருள் ஒருவன் கையில் அகப்படுதல். அதே கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் முதல் உதாரணப்படி, களவு நிகழ்ந்து அதிக காலம் செல்லாமல் அப்பொருளை வைத்திருப்பவன், அது தன்னிடம் வந்த விதத்தை விளக்க இயலாதவனாயின், அவன் கள்ளன் என்றோ கள்ளப்பொருள் என்று அறிந்தே வாங்கியவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம். "விளக்க இயலாதவனாயின்" என்பதே இதில் உயிர்நிலை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையிலுள்ள காரைதீவிலும், தெற்கே தம்பிலுவிலிலும் வைகாசிக் குளிர்த்திக் காலத்தில் கண்ணகி வழக்குரை ஆண்டுதோறும் பாடப்படுகிறது. அண்டை ஊரார் பாடக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கதை அந்நியமன்று. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பொன்று காணாமற் போயிருந்தது. இரண்டும் ஒன்றே என்று சொன்ன பொற்கொல்லனோ உண்மைக் கள்ளன். இந்தச் சிலம்பு உனக்கு எப்படி வந்தது என்று கோவலனிடம் அரசன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைக் கேளாமலே உயிர் பறிக்கப்பட்ட பின்னரே, உள்ளே இருந்த பரல் முத்தா மாணிக்கமா என்ற பொருள் அடையாளப் பரிசோதனை சபையில் நடந்தேறியது. இன்றைய சட்டமொழியில் சொன்னால், மீட்கப்பட்ட பொருள் முறைப்பாட்டாளருடையதுதான் என்ற முதற்படியை நிறுவாமலே ஊகத்துக்குத் தாவிய வழக்கு அது.

நகை விஷயத்தில் இந்த முதற்படியே பெரும்பாலும் சறுக்குகிறது. மத்திய கிழக்கில் ஆண்டுக்கணக்காய் உழைத்து மகளின் கல்யாணத்துக்காக ஒரு தாய் சேர்த்த மாலை ஒரே நாளில் உருக்கப்பட்டுக் கட்டியாகிவிட்டால், எந்த நிபுணராலும் அதை அவளுடையது என்று சொல்ல முடியாது. உருகாமல் கிடைத்தாலும், பத்துப் பவுண் என்று வாய்மொழியாகச் சொன்னது நீதிமன்றத்தில் போதாது. கடைப் பற்றுச்சீட்டு, வங்கியில் அடகு வைத்தபோது தந்த சீட்டிலுள்ள நிறை, கல்யாணப் படத்தில் கழுத்தில் தெரியும் வேலைப்பாடு ஆகியவையே அங்கே பேசும். மீனவரின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு அதன் தொடரிலக்கமும், கையடக்கத் தொலைபேசிக்கு அதன் 15 இலக்க எண்ணும் இதே வேலையைச் செய்கின்றன. மலிவாய்க் கிடைக்கிறதென்று இவற்றைக் கேள்வி கேளாமல் வாங்குகிறவர், தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவு தமக்காகவே எழுதப்பட்டதென அறிதல் வேண்டும். வாங்க ஆளில்லாத ஊரில் நகையை எடுத்துப்போய்க் கள்ளன் என்ன செய்வான்?

சந்தேக நபரின் வாய்மொழி முற்றாகவே பயனற்றதென்றும் கொள்ளலாகாது. அவன் சொன்ன தகவலினால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரே தொடர்புடைய பகுதியை மாத்திரம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அனுமதிக்கிறது. புலுக்கூரி கோட்டயா வழக்கில் பிரிவி கவுன்சில் 1946இல் வகுத்தபடி, கிணற்றடியில் நகை இருக்கிறது என்பது செல்லும். இன்ன வீட்டில் நான் திருடியது என்பது செல்லாது. ஆனால் இந்தச் சிறு வாசலினூடாகவே வன்முறை மீண்டும் நுழையப் பார்ப்பதால், கண்டெடுத்தபோது உடன் நின்ற சுயாதீனமான சாட்சியும், அந்த இடத்திலேயே எழுதப்பட்ட குறிப்பும் இன்றியமையாதவை.

கொள்ளை வேறு விதமானது. தண்டனைச் சட்டக்கோவையின் 379ஆம் பிரிவின்படி, களவோடு காயமோ உடனடி அச்சமோ சேரும்போது அது கொள்ளையாகிறது. ஆகவே களவில் இல்லாத கண்கண்ட சாட்சி இங்கே உண்டு. ஆனால் கத்தியைக் கண்ட கண், முகத்தைச் சரியாகக் காண்பதில்லை. அதனாலேயே நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்தப்படுகிறது. சந்தேக நபரையொத்த பலருக்கு நடுவே அவனைச் சாட்சி தானாகவே இனங்காண்பதில்தான் அதன் பெறுமதி தங்கியிருக்கிறது. இப்போதோ, ஒருவன் கைதான அன்றே அவனுடைய படம் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் 'கள்ளன் பிடிபட்டான்' என்ற தலைப்போடு வலம்வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அணிவகுப்புக்குப் போகும் சாட்சி, கொள்ளையன் முகத்தையா தொலைபேசியில் கண்ட முகத்தையா இனங்காண்கிறார் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால், அதற்கு விடை கிடையாது. படத்தைப் பகிர்ந்த நண்பர்களே கொள்ளையனுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவராகிறார்கள். சி.சி.ரி.வி. பதிவும் அவ்வாறே. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க வழி செய்திருந்தும், அசல் பதிவைக் காப்பாற்றாமல், தொலைபேசியால் திரையைப் படமெடுத்த மங்கல் துண்டொன்றை மாத்திரம் ஊரெல்லாம் அனுப்பிவிட்டு, சில நாளில் கருவி தானே பழையதை அழிக்க விடுகிறோம்.

அடியின் விலை என்ன என்பதற்கு அண்மைக் கால உதாரணங்கள் இரண்டு போதும். திருட்டுச் சந்தேகத்தின் பேரில் 2010 டிசம்பரில் மிரிஹானைப் பொலிஸாரால் கைதான முன்னாள் படைவீரர் ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டார் என்று உயர் நீதிமன்றம் 2023 டிசம்பர் 14ஆம் திகதி தீர்ப்பளித்து, பொறுப்பாளிகளுள் ஒருவராக, தீர்ப்பின்போது பதில் பொலிஸ் மா அதிபராயிருந்த தேசபந்து தென்னகோனையும் கண்டு, 5 இலட்சம் ரூபா நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட்டது. நீதி வர ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. அதே 2023 மே மாதத்தில், கொழும்பில் வீட்டுவேலை செய்துவந்த பதுளைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்ணொருவர், நகை திருடினார் என்ற எஜமானியின் முறைப்பாட்டின் பேரில் வெலிக்கடைப் பொலிஸாரால் பிடிக்கப்பட்டு, காவலிலேயே உயிரிழந்தார். அவர் திருடினாரா இல்லையா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரிக்க இயலாது. மூன்று பிள்ளைகளின் தாயான அவரை நினைக்கும்போதெல்லாம், பொலிஸ் நிலையத்து வாசலில் நின்று 'நல்லாக் குடுங்க, சொல்லுவான்' என்று கேட்டுக்கொள்ளும் நம்மவர் குரல் என் காதில் விழுகிறது.

இன்னுமொன்று, சிறியதாகத் தோன்றினாலும் வழக்கின் அத்திவாரமே அதுதான்: முதல் முறைப்பாடு. எத்தனை மணிக்குக் கண்டது, என்னென்ன போயிற்று, யாரை ஏன் சந்தேகிக்கிறீர் என்று அன்று எழுதப்பட்டதையே சில வருஷங்களின் பின் சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் வாசித்துக் காட்டி, அங்கே ஒன்றும் இங்கே ஒன்றும் சொல்லுகிறீரே என்று மடக்குவார்கள். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி கிழக்கு மாகாணத்தில் தமிழே நிர்வாக மொழி. நீதிமன்ற மொழியும் அதுவே. அவ்வாறிருக்க, தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, சொன்னவர் வாசிக்க முடியாத பக்கத்தின் அடியில் கையொப்பம் வாங்கும் வழக்கம் எந்த நிலையத்தில் தென்பட்டாலும், அது உடனே நிறுத்தப்பட வேண்டும். தமிழில் வாக்குமூலம் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர்கள், பெண்களின் முறைப்பாட்டுக்குத் தமிழறிந்த பெண் உத்தியோகத்தர்கள் உட்பட, இக்கரையோரத்தின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இராப்பகல் கடமையில் இருக்கும்படி பொலிஸ் ஆணைக்குழுவும் பொலிஸ் மா அதிபரும் ஏற்பாடு செய்ய வேண்டும். அது நடக்கும்வரை, எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையொப்பமிட மாட்டேன் என்று சொல்லும் உரிமை முறைப்பாட்டாளர் ஒவ்வொருவருக்கும் உண்டு.