துப்பாக்கியா, தோழனா?

இருவர் சேர்ந்து ஆடும் சுடும் விளையாட்டுகளில் உங்களை ஈர்ப்பது எது? துப்பாக்கிதான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விடை அதுவன்று என்பதே என் கட்சி.

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரை எண்ணிப் பாருங்கள். வடத்தைப் பிடித்து ஏராளமானோர் இழுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடந்தாலும் யாருக்கும் தெரியாது. தேர் நகரத்தான் செய்யும். இதை அளந்தே பார்த்தவர் மாக்ஸ் ரிங்கெல்மான் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியாளர். ஆட்களைத் தனித்தனியாகவும் கூட்டாகவும் இழுக்கச் செய்து விசையை அளந்தார். 1913-இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் செலுத்திய விசை, தனியாக இழுத்தபோது செலுத்தியதில் ஏறக்குறையப் பாதிதான்! எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்க முடியாதது ஒரு காரணம். நம் பங்கு யாருக்குத் தெரியப்போகிறது என்ற அயர்வு மற்றொன்று. 1974-இல் அமெரிக்காவில் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் அவரை மட்டும் இழுக்கவிட்டார்கள். அப்போதும் விசை குறைந்தது.

தேரில் இந்த அயர்வு வராத ஆள் ஒருவர் உண்டு: சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர். அவர் ஒரு கணம் அசந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். இருவர் ஆட்டத்தில் நீங்கள் ஒவ்வொருவரும் முட்டுக்கட்டைக்காரர்தான். ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது என்கிறேன்.

'காண்ட்ரா'வை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987-இல் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காகச் செய்து, 1988-இல் வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது. 1990-களில் திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளில் கோடை விடுமுறையின்போது 'டி.வி. கேம்' என்ற பெயரில் ஓடியவை பெரும்பாலும் அந்தப் பெட்டியின் நகல்களே. உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். கேசட்டை ஊதி ஊதிச் செருகிய கதை வெளியே வரும்.

ஒரே திரை, இரண்டு ஜாய்ஸ்டிக், இரண்டு வீரர்கள். எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்று பெட்டி நொடிக்கு 50 அல்லது 60 முறை இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும் விசாரிக்கிறது. நீங்கள் சும்மா இருந்தால் மறுகணமே திரை காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் குண்டு தோழனைத் துளைக்காது. ஆனால் அருவிக் கட்டத்தில் நீங்கள் அவசரப்பட்டு மேலே தாவினால் திரையும் மேலே நகரும். கீழே தங்கிவிட்ட தோழன் திரையின் அடியில் விழுந்து ஓர் உயிரை இழப்பான். "இருடா, நானும் வரேன்!" என்ற கூச்சல் எழுவது அங்கேதான். உயிரெல்லாம் தீர்ந்தவன் தோழனின் கையிருப்பிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடி ஆடலாம். (கேட்காமலே எடுத்துக்கொள்ளும் தம்பிகளும் உண்டு!) காண்ட்ராவைத் தனியாகவும் ஆடலாம். துப்பாக்கி அதேதான், கூச்சல்தான் வராது.

2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கல்லூரி மாணவர்களை 'ஹேலோ 2' ஆடச் செய்தார்கள். சிலர் இணைந்து ஆடினர், சிலர் எதிர்த்து ஆடினர். பிறகு, கூட்டாளியோடு ஒத்துப்போவதா, தன் ஆதாயத்தை மட்டும் பார்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய வேறொரு சோதனை வைத்தார்கள். அதில், முன்பு இணைந்து ஆடியவர்களிடம் ஒத்துழைப்பு மிகுந்திருந்தது. இரு சாராரும் சுட்டது ஒரே துப்பாக்கிகளால்தான். இந்த ஓர் ஆய்வைக் கொண்டு சுடும் விளையாட்டுகள் எல்லாம் நல்லவை என்று நான் சாதிக்கப்போவதில்லை. பாடப் புத்தகம் மூடியே கிடப்பதற்கு இது சாக்கும் ஆகாது.

எனக்குள்ள வருத்தம் வேறு. 2001-இல் வந்த முதல் 'ஹேலோ'வில் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே பாயில் உட்கார்ந்து இருவர் ஆடலாம். அதற்காகப் பெட்டி அந்த உலகத்தை இரண்டு கண்களின் பார்வையில் இரண்டு முறை வரைய வேண்டும். வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். படம் நுணுக்கமாக ஆக ஆக அந்தச் சுமையும் ஏறியது. 2015-இல் வந்த 'ஹேலோ 5' பிரிந்த திரையைக் கைவிட்டுவிட்டது. தோழன் இணையத்தின் மறுமுனைக்குப் போய்விட்டான்.

கைப்பேசியில் நால்வர் அணியாக ஆடும் உங்களுக்கு இது புரியும். விழுந்த தோழனை ஓடிப்போய்த் தூக்கிவிடும் விதி அங்கும் இருக்கிறது. அதன் சுவையும் பழைய சுவைதான். ஆனால் மறுமுனையில் இருப்பவர் முகம் தெரியாதவராக இருந்தால், தோற்கப்போகிற நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மறைந்துவிடலாம். பக்கத்தில் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பவன் அப்படிப் போக முடியாது. ஆட்டம் முடிந்த பிறகும் அவனோடு சேர்ந்துதான் சாப்பிட வேண்டும்.

அடுத்த முறை வீட்டில் கேம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்குமுன், ஒரே அறையில் எத்தனை பேர் ஆடலாம் என்று அட்டையில் பாருங்கள். ஒருவர் என்று போட்டிருந்தால் நானாக இருந்தால் வாங்கமாட்டேன்.