அரமா, கிரைண்டரா?

கிரைண்டர் என்றால் நமக்கெல்லாம் இட்லி மாவுதான் ஞாபகத்துக்கு வரும். இந்த வாரம் சொல்லப்போவது வேறு கிரைண்டர். மரம் அறுக்கிற மெஷின் இருக்கிறதே, பெட்ரோலில் ஓடுகிற செயின் ரம்பம், அதன் பல்லுக்குச் சாணை பிடிக்கிற கிரைண்டர். 'காலையில் தாம்பரத்தில் ரயில் பிடித்து, சாயங்காலம் அதே ரயிலில் கசங்கித் திரும்புகிற எனக்கு இது எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுத்த புயலில் உங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் குறுக்கே படுத்துக்கொண்டால், நீங்கள் ஆபீஸ் போவதும் போகாததும் இந்தப் பல் விவகாரத்தில்தான் இருக்கிறது.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்த தினம். வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல வாரம் கதவைச் சாத்திவிட்டார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் காட்டிலும் நல்ல சேதம். நகரத்தில் விழுந்ததில் பாதிக்கு மேல் குல்மொஹர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை என்று நிழலுக்காகவும் பூவுக்காகவும் நாம் ஆசை ஆசையாக ரோட்டோரம் நட்ட ஜாதிகளாகத்தான் கண்ணில் பட்டது. வேப்பமரம் இலையை உதிர்த்துவிட்டு, 'அப்புறம்?' என்று நின்றுகொண்டிருந்தது.

சேலையூர்ப் பக்கம் எங்கள் தெருவில் மட்டும் நாலு மரம். கரண்ட் இல்லை, போன் இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை. மறுநாள் மரம் அறுக்க இரண்டு கோஷ்டி வந்தது. முதல் கோஷ்டியில் எல்லாம் இளவட்டம். பளபளவென்று புது மெஷின். இரண்டாவது கோஷ்டி என்பது படப்பைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரும் அவர் பேரன் வயசில் ஒரு பையனும். மெஷினில் பெயின்ட் எங்கே இருந்தது என்று ஆராய்ச்சிதான் பண்ணவேண்டும்.

பதினோரு மணி வரைக்கும் இளவட்டம்தான் முன்னணியில் இருந்தது. அப்புறம் அவர்கள் மெஷின் சத்தம் போட்டதே தவிர, மரம் அசையவில்லை. புகை வந்தது. பையன் இடுப்பை வளைத்து, மெஷின்மேல் ஏறாத குறையாக அழுத்தினான். பல் மழுங்கிவிட்டது. "பட்டறைல குடுத்துச் சாணை பிடிச்சுட்டு வந்துர்றோம் சார்" என்று பைக்கில் செயினோடு கிளம்பினார்கள். பட்டறையில் இருப்பது கிரைண்டர். கிரைண்டருக்கு வேண்டியது கரண்ட். கரண்ட் எப்போது வரும்? மின்கம்பத்தின் மேல் விழுந்த மரத்தை அறுத்த பிறகு! அவர்கள் ஜெனரேட்டர் வைத்திருக்கிற பட்டறையைத் தேடிக் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று போய்விட்டு வந்தபோது மணி நாலு.

பெரியவர் இந்தப் பக்கம் ஒவ்வொரு தடவை பெட்ரோல் தீர்ந்ததும் இன்ஜினை ஆறவிட்டு, வெட்டின மரத்தின் மேலேயே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு வட்ட அரம். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு. ஒன்று விட்டு ஒரு பல். ஒரு பக்கம் முடிந்ததும் மெஷினைத் திருப்பி வைத்து மறுபக்கம். பத்து நிமிஷம். ஒரு பீடி. மறுபடியும் மெஷின். நாலில் மூன்று மரம் அவர் கணக்கு.

"ஏங்க, மூணுன்னு எண்ணிக்கிட்டே பண்றீங்க?" என்றேன்.

"இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் அஞ்சுன்னு தேச்சா வெட்டு நேரா போவாது சார். வளைஞ்சுக்கும்."

அவர் சொன்னதை விளக்கிச் சொல்ல வேண்டுமானால் ஒரு புழுவிடம் போகவேண்டும். சத்தியமாகப் புழுதான். 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்கிற ஆசாமி விறகு பிளந்துகொண்டிருந்தார். மரக்கட்டைக்குள் ஒரு வண்டுப் புழு இடமும் வலமுமாக வாயை ஆட்டி, நார் இருக்கிற திசை, எதிர்த் திசை என்று வித்தியாசமே பார்க்காமல் மரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதுவரை மெஷின் ரம்பத்தின் பல் கைரம்பத்தின் பல்லைப் போலவே மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அடிக்கடி தீட்டவும் வேண்டும். காக்ஸ் அந்தப் புழுவின் தாடையைப் பார்த்து, இடது ஒன்று வலது ஒன்றாக வளைந்த பல் வைத்து ஒரு செயின் செய்தார். 1947-இல் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கும் உலகத்தில் ஓடுகிற செயின் ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பல் அந்தப் புழு வம்சம்தான்.

பல் வளைந்திருப்பதால்தான் அரமும் உருண்டை. பல்லின் அளவுக்குத் தக்கபடி 4 மில்லிமீட்டர், 4.8, 5.2, 5.5 என்று அரம் உண்டு. அளவு தப்பினால் எவ்வளவு தேய்த்தாலும் கூர் வராது. அரத்தைப் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் கத்திரிக்காய் தேய்க்கிற மாதிரி தேய்த்தால் அரம்தான் மொட்டையாகும். கோணம் பெரும்பாலும் 30 டிகிரி. பல ரகங்களில் பல்லின் பின்தலையிலேயே கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். 18 அங்குல மெஷினில் முப்பதிலிருந்து முப்பத்தாறு பல் வரும். எல்லாம் ஒரே நீளம். இடது பக்கத்துப் பல்லெல்லாம் குட்டை, வலது பக்கமெல்லாம் நெட்டை என்றால் ரம்பம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும். பெரியவர் எண்ணினது இதற்குத்தான்.

ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கு முன்னாலும் காளை மாட்டுத் திமில் மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கிறது. பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரம் கடிக்கலாம் என்று தீர்மானிக்கிறது அதுதான். பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தணிந்திருக்க வேண்டும். பல் தேயத் தேய இந்தத் திமிலையும் தட்டை அரத்தால் துளி இறக்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் இறக்கினால் இன்னும் வேகமாக வெட்டுமே' என்று பேராசைப்பட்டால், பல் தாங்கமுடியாத அளவுக்குக் கடித்து, மெஷின் முகத்தை நோக்கி எகிறும். செயின் ஓடுகிற வேகம் விநாடிக்கு 20 மீட்டர் அளவில். நம்மூரில் ஹெல்மெட், தொடைக்கவசம் எல்லாம் எங்கே? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடுதான் ஏறுகிறார்கள். மழுங்கின பல்லும் ஆபத்துதான். அழுத்த வைக்கும், அழுத்துகிறவன் கால் வழுக்கும்.

மழுங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கீழே விழுவதைப் பாருங்கள். தேங்காய்த் துருவல் மாதிரி விழுந்தால் பல் சரி. மைதா மாவு மாதிரி விழுந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடு. ஈர மரத்தில் மாவு பார்த்த பிறகும் ஓட்டுகிறவன் பெட்ரோலைக் காசு கொடுத்துப் புகையாக்குகிறான்.

கிரைண்டரில் என்ன தப்பு என்று கேட்கலாம். மெஷினின் தப்பு இல்லை. செயினுக்கென்றே கோணம் வைத்துச் செய்த கிரைண்டர் இருக்கிறது. பல்லைத் தொட்டும் தொடாமலும் ஓட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தால் பேஷாக இருக்கும். ஆனால் நம்மூர் வெல்டிங் பட்டறையில் நடப்பது வேறு. கேட் கம்பி அறுக்கிற அதே ஆங்கிள் கிரைண்டரை எடுத்து, பொறி பறக்க ஒரு இழுப்பு. பல் நுனி நீலமாகும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போச்சு. அடுத்த மரத்தில் அரை மணிகூடத் தாங்காது. மறுபடி பட்டறை. அரம் முடி கனம் எடுக்கிற இடத்தில் கிரைண்டர் நகக் கனம் எடுத்துவிடும். பல் சீக்கிரம் குட்டையாகி, செயினைத் தூக்கி எறிய வேண்டியதுதான். வட்ட அரம் ஒரு பிரியாணி விலை. செயின் அதைப்போலப் பல மடங்கு. தினக்கூலிக்கு மரம் ஏறுகிறவருக்கு இந்தக் கணக்குச் சின்னக் கணக்கு இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். அரம் பையில் இருந்தால் மனுஷன் அடிக்கடி தீட்டுகிறான். பட்டறைக்குப் போக வேண்டும் என்றால், 'இந்த ஒரு கிளை, இன்னும் ஒரு கிளை' என்று மொட்டைப் பல்லோடே மல்லுக்கட்டுகிறான். நாம் ஷேவிங் பிளேடை மாற்றாமல் ஓட்டுகிற மாதிரி.

(வள்ளுவரும் அரத்தை விடவில்லை. 888-ஆவது குறளில் உட்பகை வந்த குடும்பம் அரம் ராவின இரும்பு மாதிரி தேய்ந்துபோகும் என்கிறார். 997-இல் அரத்தையும் மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரம் மாதிரிக் கூர்மையான புத்தி இருந்தாலும் பண்பு இல்லாதவன் மரம் என்கிறார். எங்கள் செக்ஷனில் இரண்டுக்கும் உதாரணம் உண்டு. பெயர் வேண்டாம்.)

கிரைண்டருக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அதை உண்டாக்கினவர்கள் நாம். 'வீடு வாடகைக்கு', 'பத்தாம் வகுப்பு டியூஷன்', 'மூலம் பவுத்திரம்' என்று ஒவ்வொரு ரோட்டோர மரத்திலும் ஆணி அடித்து வைத்திருக்கிறோம். போர்டு போய்விடும், ஆணி இருக்கும். மரம் வளர்ந்து அதைத் தனக்குள் விழுங்கிவிடும். வெளியே தெரியாது. செயின் அதில் பட்டால் 'கிரீச்' என்று ஒரு சத்தம். நாலைந்து பல் மூக்கு உடையும். அப்போது மிச்சப் பல்லையெல்லாம் உடைந்த பல்லின் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் கையால் ராவி முடிப்பதற்குள் அடுத்த புயல் வந்துவிடும். கிரைண்டரில் நிதானமாக, ஆறவிட்டு ஆறவிட்டுப் பண்ணுவதுதான் சரி. எங்கள் தெரு நாலாவது மரத்தில் ஆணி இருந்தது. இளவட்டம்தான் மாட்டிக்கொண்டது. பெரியவர் அறுக்குமுன் பட்டையைத் தட்டித் தடவிப் பார்ப்பதை நான் ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூலி கொடுப்பதுதான் பெரிய கூத்து. நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது. தெருவில் எல்லார் கையிலும் ரோஸ் கலர் இரண்டாயிரம் ரூபாய் நோட்டு. யாரிடமும் சில்லறை கிடையாது. கடைசியில் நாலு வீட்டுக்குச் சேர்த்து இரண்டு நோட்டாகக் கொடுத்தோம். பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அரம் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார்.

இப்போது கைக்கு அடக்கமான பேட்டரி செயின் ரம்பம் ஆன்லைனில் கிடைக்கிறது என்று நம் இளைஞர்கள் வாங்கி, மாடியில் உரசுகிற கொய்யாக்கிளையில் பரீட்சை பார்க்கிறார்கள். பாருங்கள், தப்பில்லை. மேனுவலில் அரத்தின் அளவு போட்டிருந்தால் பார்த்து ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். மூர் மார்க்கெட் வரை அலையவேண்டாம், பெரிய ஹார்டுவேர் கடையில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தீட்ட உட்காருமுன் பேட்டரியைக் கழற்றி, குழந்தைகள் இல்லாத அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.