சத்தம் போடப் பழகட்டும் எம் பிள்ளைகள்

முதலாம் தரத்துப் பிள்ளைக்கு நண்பகலுக்குள் பாடசாலை விட்டுவிடும். மலையில் நிற்கும் அம்மா அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்துக்கு வர ஐந்து மணியாகும். அந்த இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை யார் பொறுப்பில்? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் அடுத்த காம்பரா. அதுவும் இல்லாவிட்டால் ஒருவருமில்லை.

"கவனமாக இரு" என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் வேலைக்குப் போகின்றோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் என்ன விளங்கும்? யாராவது கூடாத விதமாகத் தொட்டால் என்ன செய்வீர்கள் என்று எமது வகுப்பில் கேட்டோம். "வேண்டாம் என்று சொல்லுவோம்" என எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். ஒவ்வொருவராக எழுந்து சொல்லிக் காட்டச் சொன்னதும் பாதிப் பேருக்குக் குரலே வரவில்லை. பெரியவர்கள் முன்னால் சத்தம் போடக்கூடாது என்றுதானே வளர்த்திருக்கின்றோம்!

அன்றே புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துப் போனோம். முதலில், எதிர் மலைக்குக் கேட்கும்படி "வேண்டாம்!" என்று கத்தப் பழக்கினோம். அடுத்து, நம்பிக்கையான ஒரு வீட்டைத் தெரிவு செய்து அங்கே ஓடிப்போய்க் கதவைத் தட்டப் பழக்கினோம். மூன்றாவதாக, நடந்ததைச் சொல்லக்கூடிய மூன்று பெரியவர்களை விரல்விட்டு எண்ண வைத்தோம். முதலாமவர் நம்பாவிட்டால் இரண்டாமவரிடம் சொல்ல வேண்டும். கடைசியில், பற்றரி கழற்றிய பழைய கைத்தொலைபேசியில் 1929 என அழுத்திப் பழகினார்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

இதற்கு ஆசிரியர் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கினால் லயத்து வாசலிலேயே பழக்கலாம். ஒரு தடவை போதாது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் பயத்திலும் கால் தானாக ஓடும்.

பெரியவர்களும் பழக வேண்டியது உண்டு. பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் தெரிந்த ஆளாகவே இருக்கின்றார். பிள்ளை தயங்கி நிற்கும்போது "மாமா மடியில் போய் உட்காரு" என்று தள்ளிவிடக் கூடாது. பிள்ளை வாய் திறந்தால் முதலில் நம்ப வேண்டும். லயத்து மானம் போய்விடும் என்று விடயத்தை அமுக்குவது, குற்றவாளிக்குக் கதவைத் திறந்து விடுவதாகும்.

அதேவேளை, தன்னைக் காத்துக்கொள்ளும் சுமையை ஆறு வயதுத் தோளில் மட்டும் ஏற்றிவிட முடியாது. அந்தி நிறுவை முடிந்து தாய்மார் திரும்பும் வரை, பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளையும் பிள்ளை மடுவத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டும். பீலிக்கும் மலசலகூடத்துக்கும் போகும் பாதைகளில் விளக்குப் போட வேண்டும். இவ்விரண்டையும் தோட்ட நிர்வாகங்களிடம் கோரிக்கையாக முன்வைக்குமாறு ஒவ்வொரு தோட்டக் கமிட்டியையும் கேட்டுக்கொள்கின்றோம்.

கோரிக்கை நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறே உங்கள் பிள்ளையை வாசலில் நிறுத்துங்கள். எதிர் லயத்துக்குக் கேட்கும்வரை கத்தட்டும். யாரும் அதட்டாதீர்கள்.