‘நான் இப்படித்தான்’ என்பது போதாது

கல்லூரி இறுதியாண்டின் வேலைவாய்ப்புப் பயிற்சியிலோ, பணியில் சேர்ந்த முதல் வாரத்து அறிமுக வகுப்பிலோ இன்றைய இளைஞர்கள் பலர் ஒரு குணநலக் கேள்வித்தாளைச் சந்திக்கிறார்கள். விருந்துக்குப் போனால் புதியவர்களோடு பேசுவீர்களா, தெரிந்த இரண்டு பேரோடு ஒதுங்கி நிற்பீர்களா என்கிற பாணியில் வரிசையாகக் கேள்விகள். பதில்களைத் தட்டிவிட்டால் கணினி நான்கு எழுத்துகளில் தீர்ப்புச் சொல்லிவிடும்: நீங்கள் ஐ.என்.டி.ஜே., பக்கத்தில் இருப்பவர் இ.எஸ்.எஃப்.பி. சிலர் அதை லிங்க்ட்இன் பக்கத்திலும் ஏற்றிவிடுகிறார்கள். தன் வேலைக்குணம் தெரிந்தவர், தெரியாதவரைவிடத் தன் திறமையை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வார் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அறிவு ஒரு வகைப் பெயராக இருக்கும் என்று நம்புவதுதான் பலரையும் திசைதிருப்புகிறது. வேலைக்கு உதவக்கூடிய தன்னறிவு, எந்தச் சூழலில் நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்பதைப் பற்றியது. அது வேறு வகையான தகவல். வேறு வழியில்தான் கிடைக்கும்.

நான்கு எழுத்துத் தேர்வுகளில் புகழ்பெற்றது மையர்ஸ்–பிரிக்ஸ். அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் குக் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலை அடிப்படையாகக் கொண்டு அதை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்குப் பொருத்தமான பணியைக் கண்டுபிடிக்க உதவுவது அவர்கள் நோக்கங்களில் ஒன்று. நல்ல நோக்கம்தான், இருவரும் முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர் என்பதையும் பெரிய குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. மனிதர்களில் பெரும்பாலோர் எந்தக் குணத்திலும் நடுப்பகுதியில் இருப்பவர்கள். அவர்களை நட்டநடுவில் கோடு போட்டுப் பிரிப்பது, 164 செ.மீ. உயரமுள்ளவரைக் குட்டை என்றும் 166 செ.மீ. உள்ளவரை நெட்டை என்றும் பதிவுசெய்வதற்குச் சமம். சில வாரங்கள் கழித்து அதே தேர்வை எழுதும்போது கணிசமானவர்களுக்கு வேறு வகை வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆளெடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்வை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

இருந்தும் ‘அப்படியே என்னைச் சொல்லிவிட்டது’ என்று பலரும் வியக்கிறார்கள். அந்த வியப்புக்கும் விளக்கம் உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் ‘தனிப்பட்ட’ முடிவறிக்கையைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்திருந்தது ஒரே அறிக்கை. கடைகளில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். பொருந்துவதுபோல் தோன்றுவது, உண்மையில் பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது.

ஆய்வாளர்கள் இன்று அதிகம் நம்புவது ஐந்து காரணி அளவுகோலை: புதியவற்றுக்கு மனம் திறந்திருப்பது, பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், மனப்பதற்றம். இது ஆட்களை வகை பிரிப்பதில்லை. ஒவ்வொரு குணமும் எவ்வளவு என்று அளக்கிறது. முர்ரே பேரிக்கும் மைக்கேல் மவுன்ட்டும் 117 ஆய்வுகளைத் தொகுத்து 1991-இல் வெளியிட்ட கட்டுரை, பொறுப்புணர்வு மட்டுமே எல்லா வேலைகளிலும் பணித்திறனோடு தொடர்புள்ளது என்று காட்டியது. ஆனால் அந்தத் தொடர்பின் அளவு 0.2-ஐ ஒட்டித்தான். அதாவது ஆளுக்கு ஆள் பணித்திறனில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கைத்தான் அது விளக்குகிறது. ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்துக்கு இது லாபமான தகவலாக இருக்கலாம். தனியொருவர் தன் வாழ்க்கைப் பாதையை இதை வைத்து முடிவுசெய்ய முடியாது. ‘சேல்ஸுக்கு வாய் வேண்டும்’ என்ற நம் ஊர் முடிவுகூட இங்கே தடுமாறுகிறது. ஆடம் கிரான்ட் 340 விற்பனை ஊழியர்களிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக வருவாய் ஈட்டித் தந்தவர்கள் மிகுந்த வாயாடிகளும் அல்லர், மிகுந்த அமைதிக்காரர்களும் அல்லர், இடையில் இருந்தவர்களே.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர உளவியலாளர் வால்டர் மிஷெலின் பணி உதவும் என்று நினைக்கிறேன். குணங்களை வைத்து நடத்தையைக் கணிப்பது எவ்வளவு பலவீனமானது என்று 1968-இல் எழுதிப் புயலைக் கிளப்பியவர் அவர். பிறகு யூச்சி ஷோடாவுடனும் ஜாக் ரைட்டுடனும் சேர்ந்து அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கோடை முகாமில் குழந்தைகளை வாரக்கணக்கில் கவனித்தார். இரண்டு பிள்ளைகள் சண்டை போடுவதன் மொத்த அளவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை பெரியவர்கள் கண்டிக்கும்போது மட்டும் சீறும், மற்றது சக பிள்ளைகள் கேலி செய்யும்போது மட்டும் சீறும். நாள்கள் போனாலும் இந்தப் பாங்கு மாறுவதில்லை. ‘இப்படி நடந்தால், இவன் அப்படி’ என்ற வாக்கியங்களின் தொகுப்புதான் ஒருவரின் கையெழுத்து. இதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மென்பொருள் சோதனைப் பிரிவில் ஒரு பெண். திங்கட்கிழமை காலை இருபது பேர் இருக்கும் அழைப்பில் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கேள்வித்தாள் அவரை அகமுகர் என்று சொல்லும். அதே பெண், ரிலீஸ் அன்று இரவு பதினோரு மணிக்கு ஒரு பக் வந்தால், லாகைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று குழுக்களையும் தொலைபேசியில் பிடித்து, யார் எதைச் செய்ய வேண்டும் என்று அதட்டாத குறையாகச் சொல்லுவார். பிரச்சினை தெளிவாக இருந்து, ஆதாரம் கையில் இருந்தால் அவர் முன்னால் நிற்கிறார். பேச்சுக்கு எல்லை இல்லாதபோது பின்வாங்குகிறார். இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் அவருக்குச் செய்வதற்கு வேலை இருக்கிறது: கூட்டத்தின் நிரலை முந்தைய நாளே கேட்டு வாங்கலாம், வாடிக்கையாளரைப் பேசிக் கவரும் பிரிவுக்கு மாறச் சொன்னால் யோசிக்கலாம், ரிலீஸ் பொறுப்பு காலியானால் தானே போய்க் கேட்கலாம். ‘நான் அகமுகர்’ என்பதிலிருந்து இதில் ஒன்றும் கிடைக்காது.

சூழலை மறந்துவிட்டு ஆளை மட்டும் அளப்பதில் நம் நாட்டுக்கே உரிய ஓர் அநியாயமும் நடக்கிறது. கேம்பஸ் குரூப் டிஸ்கஷனில் வாய் திறக்காத தமிழ்வழி மாணவரை ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதிவிடுகிறோம். ஊர்த் திருவிழாவில் வசூல், பந்தல், மைக் செட் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக நடத்தியவராக அவர் இருக்கக்கூடும். அறையில் பேசப்பட்டது ஆங்கிலம் என்பதுதான் அவரது மௌனத்துக்குக் காரணம், சுபாவம் அல்ல. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் இடம்பெறுவது இதைத் திறன் சிக்கலாகப் பார்ப்பதால்தான். அந்த மாணவரே தன்னைக் கூச்ச சுபாவி என்று நம்பத் தொடங்கிவிட்டால், ஆறு மாதத்தில் தீரக்கூடிய குறை ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

சரி, இந்த ‘இப்படி என்றால் அப்படி’ வாக்கியங்களை எங்கே தேடுவது? உள்ளுக்குள் உற்றுப் பார்ப்பதால் மட்டும் அவை அகப்படுவதில்லை. சிமீன் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்றம் போன்று உள்ளே நிகழ்பவற்றை அவரவரே நன்றாக அறிகிறார்கள்; அறிவுத்திறன், படைப்பாற்றல்போல நம் கௌரவத்தோடு ஒட்டிய குணங்களை நண்பர்கள் நம்மைவிடச் சரியாகக் கணிக்கிறார்கள். பணித்திறனைக் கணிப்பதிலும் தன் மதிப்பீட்டைவிடப் பிறர் மதிப்பீடே மேல் என்று 2011-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. பேரிக்கின் பழைய கூட்டாளி மவுன்ட் அதிலும் பங்கேற்றவர். ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் அலுவலகங்களில் மேலதிகாரியிடம் ‘என் குறை என்ன?’ என்று கேட்பது அடுத்த அப்ரைசலுக்கு நாமே எடுத்துக் கொடுத்ததாக முடியலாம். அதனால் பக்கத்து இருக்கைக்காரரிடம், அதுவும் பொதுவாகக் கேட்காமல், ‘போன மாதம் அந்த கிளையன்ட் கூட்டத்தில் நான் எந்த இடத்தில் சொதப்பினேன்?’ என்று கேட்பது உத்தமம். (அப்ரைசல் படிவத்தின் சுயமதிப்பீட்டுப் பகுதியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இன்கிரிமென்ட் அதில் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அது பேரம் பேசும் காகிதம்.) இன்னொரு வழி மேலாண்மைச் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர் 1999-இல் எழுதிய கட்டுரையில் பரிந்துரைத்தது: முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம் என்ன விளையும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதிவைத்து, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுவது. சலிப்பூட்டும் வேலை, ஆனால் நம் நினைவு நமக்குச் சாதகமாகக் கதை திருத்துவதற்கு அதில் இடமில்லை.

கிடைத்த வேலையைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடாக இருக்கும் நாட்டில் இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று ஒருவர் சொல்லலாம். பாதி நியாயம். மணிக்கு இத்தனை உருப்படி என்று இலக்கு வைத்து ஓட்டப்படும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் தையல் வரிசையில் இருப்பவரிடம் போய்த் தன்னறிவு பேசுவது அவரை அவமதிப்பது. ஆனால் தேர்வுச் சுதந்திரம் வேலையில் சேரும் வாசலில் மட்டும் இருப்பதில்லை. ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் எழுதிய கட்டுரையில் வரும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை நினைத்துப் பார்க்கலாம். ஒரே பணி விவரம்தான். சிலர் சொன்னதை மட்டும் செய்தார்கள். வேறு சிலர் நோயாளிகளோடும் அவர்களைப் பார்க்க வருபவர்களோடும் பேசினார்கள், செவிலியரின் வேலை ஓட்டத்தைப் பார்த்துத் தங்கள் வேலையை நேரப்படுத்திக்கொண்டார்கள். இரண்டாவது கூட்டத்தார் வேலை மாறவில்லை; தங்களுக்கு எது வருகிறதோ அதன் பக்கம் வேலையை ஓரளவு வளைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நேரெதிரான மறுப்பு, சுபாவம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் மனிதர் அதிலேயே தேங்கிவிடுவார் என்பது. ‘நான் முகத்துக்கு நேரே பேசுகிற ஆள்’ என்று சொல்லிக்கொண்டு கீழே உள்ளவர்களைக் கடித்துக் குதறும் அதிகாரிகளைப் பார்க்கும்போது இந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை என்று தெரிகிறது. ஆனால் ஆய்வுகள் சுபாவத்தை அவ்வளவு இறுகியதாகக் காட்டவில்லை. நீண்டகால ஆய்வுகள் 92-ஐ பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2006-இல் தொகுத்தபோது, பொறுப்புணர்வும் மனச் சமநிலையும் குறிப்பாக இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் உயர்வது தெரிந்தது. உத்தியோகம் பார்க்கும் அதே வயதுதான். வகைப் பெயர் இந்த மாற்றத்தை மறைத்துவிடும். நிபந்தனை வாக்கியமோ ஆண்டுதோறும் திருத்தி எழுதக்கூடியது.

இவ்வளவு பாரத்தையும் ஊழியர் தலையிலேயே கட்டுவதும் சரியில்லை. ஆளறிந்து வேலை கொடுப்பதை வள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என்று தனி அதிகாரமாக வைத்தது வேலை கொடுக்கும் அரசனுக்காக. நம் நிறுவனங்கள் இங்கேதான் பெரிதும் சறுக்குகின்றன: நன்றாக நிரல் எழுதியவரை டீம் லீட் ஆக்குவது, நன்றாக விற்றவரை மேலாளர் ஆக்குவது. ஆலன் பென்சன், டேனியெல் லி, கெல்லி ஷூ ஆகியோர் 131 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர் தரவை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குக் கணக்கே காட்டியது. நன்றாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் முன்பு அதிகம் விற்றவர்கள் மேலாளரானபோது அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை சரிந்தது. நிர்வாகத்துக்குப் போகாமலும் சம்பளமும் மரியாதையும் உயரும் தனி ஏணி தொழில்நுட்பக்காரர்களுக்கு வேண்டும் என்பதை ஐ.பி.எம். போன்ற நிறுவனங்கள் 1960-களிலேயே உணர்ந்துவிட்டன. அந்த ஏணி இல்லாத நிறுவனத்தில் டீம் லீட் பதவி தேடி வரும்போது, ஊழியர் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: மூன்று மாதம் பொறுப்பில் இருந்து பார்க்கிறேன், ஒத்துவராவிட்டால் சம்பளக் குறைப்போ கெட்ட பெயரோ இல்லாமல் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், இதை மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள்.