முற்றமும் வாரியலும்

குடியிருக்கும் இடத்திற்கு இல், மனை, அகம், வீடு எனத் தமிழில் பெயர்கள் பல. அதன் பகுதிகளுக்கும் முன்றில், முற்றம், திண்ணை, நடை, புழைக்கடை, கொல்லை எனத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இவற்றுள் 'முன்றில்' என்பது 'இல்முன்' என்னும் தொடர் முன்பின்னாக மாறி அமைந்த சொல் என இலக்கண நூலார் காட்டுவர். இல்லின் முன்னே கிடக்கும் வெறும் மண்ணுக்கும் ஒரு பெயர் சூட்டி, அதனையும் இல்லத்தின் உறுப்பாகவே நம் முன்னோர் எண்ணினர். நான்கு சுவரும் ஒரு கூரையும் மட்டும் வீடு ஆகா. சுவரைச் சூழ்ந்த மண்ணும், அம்மண்ணில் நிற்கும் மரமும் செடியும் சேர்ந்ததே வீடு என்பது அவர்தம் கருத்து.

அந்த முன்றில் நம் மாவட்டத்தில் விரைந்து மறைந்து வருகிறது. அது மறைவதற்கு உண்மையான காரணம் எது, அதனை மீட்பதற்கு வழி எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளை சூழ்ந்த வீடு

1956 நவம்பர் 1ஆம் நாள் தாய்த்தமிழகத்துடன் இணைந்த குமரி மாவட்டம், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் பேறுடையது. ஆண்டில் இருமுறை மழை காணும் மண்ணில் வீடு கட்டியவர்கள், அம்மழைக்கு ஏற்பவே வாழ்க்கையை அமைத்துக்கொண்டனர். சரிவான ஓட்டுக்கூரை மழைநீரை முற்றத்தில் இறக்கியது. முற்றம் அதனை மண்ணுக்குள் அனுப்பியது. மண் அதனைக் கிணற்றுக்குக் கொடுத்தது.

வீட்டைச் சூழ்ந்த மரத்தோட்டத்தை நாம் 'விளை' என்கிறோம். பெருவிளை, கட்டையன்விளை என நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களிலேயே அச்சொல் வாழ்கிறது. தென்னை, பலா, மா, புளி, முருங்கை, அயனி, கமுகு, கமுகில் படர்ந்த நல்லமிளகு, அடியில் வாழையும் சேம்பும் மஞ்சளும் என அடுக்கடுக்காக அமைந்தது அவ்விளை. உயர்ந்த மரம் வெயிலைத் தாங்க, இடைநின்ற மரம் நிழலைப் பகிர, கீழ்நின்ற செடி ஈரத்தைக் காத்தது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழையும் இத்தகைய வீட்டுப் புறங்களில் செழித்ததே. வீட்டுத்தோட்டம் அன்று அழகுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. குழம்புக்குக் காயும், கூரைக்கு மரமும், அடுப்புக்கு விறகும், தலைக்குப் பூவும் தந்த உணவுக் களஞ்சியம் அது.

அரண்மனை கற்பிக்கும் பாடம்

வீட்டைப் பேணுதல் என்றால் என்ன என்பதனைக் கண்ணாரக் காண விரும்புவோர் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிவுபெற்ற இம்மர மாளிகை, தமிழக மண்ணில் நின்றாலும் கேரள அரசின் தொல்லியல் துறையால் பராமரிக்கப்பட்டு வருகிறது. 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்குள்ள தாய்க்கொட்டாரத்தில், ஒரே பலாமரத்தில் கடைந்து எடுத்த வேலைப்பாடு மிக்க தூண் ஒன்று உண்டு. விளையில் நின்று கனி தந்த இனமே அரண்மனையில் தூணாகவும் நிற்கிறது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டையின் வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து மெருகேற்றிய கருந்தளம், பார்ப்பவர் நிழல் தெரியுமாறு இன்றும் மின்னுகிறது.

இம்மாளிகை நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பதற்கு அரசர் கொட்டிய பொருள் மட்டும் காரணமாகுமா? மரக்கட்டடத்திற்கு ஈரமும் கரையானும் தீராப் பகைகள். உடைந்த ஓடு ஒன்றினை உடனே மாற்றாவிடின், ஒரு மழைக்காலத்தில் உத்திரம் நனையும். அடுத்த மழையில் உளுக்கும். அதற்கடுத்த மழையில் விழும். ஆகவே, கட்டும்போது செலவிட்ட பொன்னைக் காட்டிலும், கட்டிய பின்னர் நாள்தோறும் செலுத்திய கவனமே அதனைக் காத்து வருகிறது. அழகு என்பது ஒருமுறை வாங்கி வைக்கும் பொருள் அன்று. நாள்தோறும் செய்யும் பணி.

இதற்கு எதிர்மறையான சான்றினை நம் மண்ணின் இலக்கியமே தருகிறது. தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் எழுதி, 1997ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி' புதினத்தை நம் மாணவர்கள் அறிவர். பழம்பெருமையில் சாய்ந்து கிடக்கும் முஸ்தபாக்கண்ணு, உழைக்க மனமின்றி வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்ண, முன்னோர் கட்டிய பெருவீடு அவர் கண்முன்னே சிதைகிறது. வீட்டை அழிப்பதற்குப் புயலோ நெருப்போ தேவையில்லை. நாற்காலியை விட்டு எழாத ஒருவர் போதும்.

சிமெண்டு முற்றம்

இன்று நாம் காண்பது வேறொரு காட்சி. உழைத்துப் பொருளீட்டியோர், வெளிநாடு சென்று ஈட்டியோர் எனப் பலரும் அழகிய வீடுகளைக் கட்டுகின்றனர். அது மகிழத்தக்கதே. ஆயின் வீடு முடிந்ததும் முதல் வேலையாக, மதிலிலிருந்து மதில்வரை சிமெண்டுத் தளமோ இன்டர்லாக் கல்லோ பரப்பிவிடுகின்றனர். மரத்தின் தூரைச் சுற்றி ஒரு சாண் மண்ணும் விடுவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசி மரங்களை வேரோடு சாய்த்த பின்னர், மரம் என்றாலே அஞ்சி எஞ்சியவற்றையும் வெட்டியோரை நான் அறிவேன்.

இதன் விளைவு யாது? ஆயிரம் சதுர அடிப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அதில் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் விழுகிறது. ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் 4,600 லிட்டருக்கும் மேல். மண்ணுக்குள் இறங்க வேண்டிய இந்நீர் முழுவதும் தெருவுக்கு ஓடுகிறது. தெருவிலிருந்து தாழ்ந்த வீட்டுக்குள் புகுகிறது. 2003ஆம் ஆண்டு தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஒவ்வொரு வீட்டிலும் குழாயும் குழியும் அமைத்தோம். முற்றம் முழுவதும் இயற்கையே அமைத்த சேகரிப்புக் குழி என்பதை மறந்து, அதனை மூடியும் விட்டோம். மேலும், சிமெண்டுத் தளம் பகலெல்லாம் வெயிலை உறிஞ்சி இரவில் வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனம் வாங்குகிறோம்.

பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. என் வீட்டு முற்றத்தையும் நானே மூடினேன். என் தாயார் நாற்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து, ஈர்க்கு வாரியலால் அம்முற்றத்தைப் பெருக்கியவர். முழங்கால் வலியால் அவரால் குனிய இயலாமற் போனபோது, அவருக்கு நன்மை செய்வதாகவே எண்ணிச் சிமெண்டு பூசினேன். வேலை முடிந்த மாலையில் அவர் கேட்டார்: "மண்ணை மூடிட்டியே மக்களே, மழத்தண்ணி எங்க போவும்?" என்னிடம் விடை இல்லை. அவ்வாண்டு ஐப்பசி மழையில் நீர் படியேறி நடைக்குள் வந்தபோது விடை கிடைத்தது. அதனினும் கூர்மையான வேறொரு வினா பின்னர் எழுந்தது. தாயாரால் குனிய முடியாமற் போன அன்று, 'அந்த வாரியலை என்னிடம் தாருங்கள்' என்று நான் ஏன் கேட்கவில்லை?

பகிரப்படாத உழைப்பு

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. முற்றம் மறைவதற்கு ஆடம்பர மோகம் காரணம் என்று கூறிவிட்டு அமைதி அடைகிறோம். அது பாதி உண்மையே. முற்றத்தைப் பெருக்கியவர், சருகை அள்ளியவர், வாழைக்கு நீர் திருப்பியவர், துளிர்விட்ட களையைப் பிடுங்கியவர் யார்? பெரும்பாலும் பெண்களே. இல்லத்தை ஆள்பவளை 'இல்லாள்' என்கிறது தமிழ். அதற்கு இணையாக 'இல்லான்' என்றொரு சொல்லை அமைத்தால், அது ஏதும் இல்லாத வறியவனைக் குறிக்கிறது! 'இல்லாள்' என்பதன் ஆண்பால் வடிவம் இல்லத்தோடு ஆணுக்குள்ள உறவைச் சுட்டாதது போலவே, அவனும் அப்பணியினின்று விலகி நின்றிருக்கிறான்.

இன்று நம் பெண்மக்கள் கல்லூரிக்கு வருகின்றனர்; பட்டம் பெறுகின்றனர்; பணிக்குச் செல்கின்றனர். இது நம் மாவட்டத்தின் பெருமை. ஆயின் அவர்கள் கையிலிருந்து இறங்கிய வாரியலை எடுக்க வேறு கை நீளவில்லை. நீளாத கைக்குப் பதிலாகவே சிமெண்டு வந்தது. ஆகவே, 'அக்காலப் பெண்கள் முற்றத்தை எப்படி வைத்திருந்தார்கள்!' என்று பெருமூச்சு விடுவோர் சற்று நிதானித்தல் நலம். அப்பெருமூச்சில், மற்றொருவர் முதுகு வளைந்து பெற்ற அழகை நினைந்து ஏங்கும் தன்னலமும் கலந்திருக்கிறது. பழைய முற்றம் மீள வேண்டும். பழைய முறையில் ஒருவர் மட்டுமே உழைத்து மீளக் கூடாது.

செய்யத் தக்கவை

மூன்று சென்ட் நிலத்தில் வீடு கட்டியோர் விளைக்கு எங்கே போவர் என்ற வினா நியாயமானதே. வண்டி நிறுத்தவும் நடக்கவும் வேண்டிய இடத்திற்குத் தளம் இடுவதில் தவறில்லை. எஞ்சிய இடத்தை மண்ணாக விடுதல் வேண்டும். கல் பரப்பியே தீர வேண்டுமெனின், கற்களுக்கிடையே இடைவெளி விட்டு மணலிட்டால் நீர் இறங்கும். மரத்தின் தூரைச் சுற்றிச் சில அடியேனும் மண் இருத்தல் இன்றியமையாதது. வேருக்கும் காற்று வேண்டும். ஒக்கி கற்பித்த பாடம் மரமே வேண்டாம் என்பது அன்று. எளிதில் முறியும் முருங்கை போன்றவற்றைச் சுவரினின்று தள்ளி வைத்து, மழைக்காலத்திற்கு முன்னரே கிளை கழித்துப் பேண வேண்டும் என்பதே அப்பாடம்.

உதிர்ந்த சருகைக் கொளுத்துதல் ஆகாது. மூலையில் ஒரு குழியிட்டுச் சருகையும் காய்கறிக் கழிவையும் மாறி மாறி இட்டு ஈரம் காத்தால், சில மாதங்களில் எரு கிடைக்கும். அரிசி களைந்த நீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகட்டும். பூந்தொட்டித் தட்டு, சிரட்டை, இரப்பர் பால் ஏந்தும் கிண்ணம் ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை தவறாது கவிழ்த்துவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து சிறகு பெற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தோட்டத்தை வளர்த்துவிட்டுப் பேணாதிருத்தல் நோயை வளர்ப்பதாகும்.

இவை அனைத்தையும் ஒருவரே செய்தால் சுமை. நால்வர் பகிர்ந்தால் காலை வேளையில் கால் மணி நேரம். வீட்டிலுள்ள ஆண்மகன் முற்றம் பெருக்கட்டும். மகன் எருக்குழியைக் கிளறட்டும். மகள் தன் விருப்பப்படி ஒரு பிச்சிக்கொடி நடட்டும். முதியவர் திண்ணையில் அமர்ந்து எச்செடிக்கு எந்நாளில் நீர் வேண்டும் என்று சொல்லட்டும். வீட்டைப் பேணும் கலை நூலில் இல்லை. அவர்கள் நாவில் இருக்கிறது. கேட்பதற்கு நாம் அருகில் செல்ல வேண்டும்.

சென்ற கோடையில் என் முற்றத்துச் சிமெண்டில் பாதியை உடைத்து நீக்கினேன். கிணற்று நீர் உயர்ந்ததா என்று அளக்க இன்னும் சில மழைகள் வேண்டும். வாரியல் இப்போது என் கையில் இருக்கிறது. நான் பெருக்கும் முறை சரியில்லை என்று தாயார் நாள்தோறும் திண்ணையிலிருந்து திருத்துகிறார். மாணவ நண்பர்களே, நாளைக் காலை உங்கள் வீட்டில் வாரியல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அதனை வாங்கிக்கொள்ளுங்கள்.